பாயிரமும் நட்சத்திரங்களும்

பொருளொன்றை வாங்கியவர் அதைப் பற்றி நாலு பேரிடம் நல்லதோ கெட்டதோ சொல்வது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. சந்தைக்குப் போய் வந்தவர் கத்தரிக்காய் முற்றல் என்பதைப் படலையடியிலேயே சொல்லிவிடுவார். புதிதாகத் திறந்த புடவைக் கடையிலே சாயம் போகும் துணி விற்கிறார்கள் என்ற செய்தி மறுநாட் காலையிற் கிணற்றடிக்கு வந்துவிடும். சங்கக்கடை அரிசியின் தரத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத வீடு ஊரில் ஒன்றும் இருந்ததில்லை. ஆயினும், அந்த அபிப்பிராயங்களுக்கு ஒரு சிறப்பிருந்தது. சொன்னவர் இன்னார் என்பது கேட்டவருக்குத் தெரியும். அவர் எதிலும் குறைகாணும் சுபாவமுடையவரா, அந்தக் கடைக்காரரின் மைத்துனரா, சென்ற மாதம் அங்கே கடனுக்குச் சாமான் கேட்டு இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவரா என்பனவெல்லாம் ஊரறிந்த சங்கதிகள். சொல்லை நிறுத்துப் பார்ப்பதற்கு வேண்டிய படிக்கல் கேட்பவரின் கையிலேயே இருந்தது.

இன்று அந்தப் படிக்கல் எங்கே என்பதே நாம் சிந்திக்கவேண்டிய கேள்வியாகும்.

1995ஆம் ஆண்டில் இணையத்தின் வழியாகப் புத்தக வியாபாரத்தை ஆரம்பித்த அமேசன் நிறுவனம், வாங்கியவர்களின் அபிப்பிராயங்களைப் புத்தகங்களின் அருகிலேயே வெளியிடத் தொடங்கியது. 1996இல் ஈபே என்னும் ஏல வியாபாரத் தளம், முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் நம்பிப் பணமும் பொருளும் அனுப்பிக்கொள்வதற்காக, ஒவ்வொருவரின் நடத்தையையும் மற்றவர் மதிப்பிடும் முறையை ஏற்படுத்தியது. அதன்பின் வந்த முப்பது ஆண்டுகளில் இம்முறை உலகெங்கும் பரவிவிட்டது. மின்விசிறிக்கும் கைத்தொலைபேசிக்கும் ஐந்து நட்சத்திரங்களில் எத்தனை என்று புள்ளியிடுகிறோம். வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் முச்சக்கரவண்டி ஓட்டுபவருக்கும் நட்சத்திரம் வழங்குகிறோம். கோயிலும் கடற்கரையும் இதற்குத் தப்பவில்லை. பிறந்த நட்சத்திரத்தைப் பார்த்து மனிதருக்குப் பலன் சொன்ன காலம் போய், பெற்ற நட்சத்திரத்தை எண்ணிக் கடைக்கும் கடைக்காரருக்கும் பலன் சொல்லும் காலம் வந்திருக்கிறது.

இதனை முற்றாக இகழ்ந்து ஒதுக்குவது நியாயமாகாது. வாங்குபவரின் குரல் வியாபாரியின் காதில் விழவேண்டும் என்பது மிகப் பழைய ஆசை. பண்டைய மெசொப்பொத்தேமியாவின் ஊர் என்னும் நகரத்திற் கிடைத்த களிமண் பலகையொன்று இன்று லண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. கி.மு. 1750ஆம் ஆண்டளவில் நன்னி என்னும் வாடிக்கையாளர், ஏயா நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய முறைப்பாடு அது. தரக்குறைவான செம்பைக் காட்டியதையும், தாம் அனுப்பிய ஆளை மரியாதையின்றி நடத்தியதையும் அதில் அவர் கண்டித்திருக்கிறார். எழுதியவர் பெயருண்டு; யாரைக் குறித்து எழுதினாரோ அவர் பெயருண்டு; நடந்தது இன்னதென்ற விவரமுமுண்டு. மூவாயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தக் கோபம் நமக்கு விளங்குவதற்கு இந்த மூன்றுமே காரணம்.

நவீன காலத்தில் இந்தக் குரல் ஓர் இயக்கமாக வளர்ந்தது. 1936இல் அமெரிக்காவிலே தோன்றிய நுகர்வோர் சங்கமொன்று, மற்றெல்லா வாடிக்கையாளரையும் போலக் கடையிற் காசு கொடுத்துப் பொருள்களை வாங்கிப் பரிசோதித்து, முடிவுகளைத் தன் சஞ்சிகையில் வெளியிட்டது. விளம்பரம் ஏற்பதில்லை என்பது அச்சஞ்சிகையின் விரதம். 1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி ஜனாதிபதி கென்னடி அந்நாட்டுக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், பாதுகாப்பு, தகவல் அறிதல், தெரிவு செய்தல், குரல் செவிமடுக்கப்படுதல் ஆகிய நான்கையும் நுகர்வோரின் உரிமைகளாகக் குறிப்பிட்டார். நமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நிறுவப்பட்டது. ஆகவே, சாதாரண மனிதரின் அபிப்பிராயத்துக்கு மதிப்புக் கிடைத்திருப்பது பெரும் முன்னேற்றமே. ஆனால், மதிப்புள்ள எந்த நாணயத்துக்கும் கள்ள நாணயம் தோன்றுவதுண்டு.

நட்சத்திரங்களின் மதிப்பு எவ்வளவு என்பதை ஹார்வர்ட் வர்த்தகக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார். சியாட்டில் நகரத்து உணவகங்களைப் பற்றிய அந்த ஆய்வின்படி, மதிப்பீட்டில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் நூற்றுக்கு 5 முதல் 9 வரை கூடுகிறது. பெயர்பெற்ற பெரு நிறுவனங்களின் கிளைகளுக்கு இந்தப் பலன் கிடைப்பதில்லை. தனித்து நடத்தப்படும் சிறு கடைகளையே நட்சத்திரம் வாழவைக்கவும் வீழ்த்தவும் செய்கிறது. ஒரு நட்சத்திரத்துக்கு இத்தனை விலையென்று தெரிந்த பின், அதை உற்பத்தி செய்து விற்பவர் தோன்றாதிருப்பாரா? கூலிக்குப் புகழ்பவரும், போட்டிக் கடையை இகழக் கூலி பெறுபவரும் தோன்றினர். இப்பொழுதோ மனிதரைப் போல எழுதும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஒருவேளை சோறும் உண்ணாத இயந்திரம், குழம்பின் சுவையை வியந்து நூறு விதமாக எழுதித் தள்ளுகிறது.

இந்தப் போலித்தனம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை 2017இல் லண்டனில் நடந்த வேடிக்கையொன்று காட்டியது. முன்பு பணத்துக்காகப் பொய் மதிப்புரைகள் எழுதிய ஊபா பட்லர் என்னும் பத்திரிகையாளர், தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த கொட்டிலொன்றை உணவகமென்று ட்ரிப்அட்வைசர் தளத்திற் பதிவுசெய்தார். சவர நுரையையும் வேறு வீட்டுச் சாமான்களையும் கொண்டு பலகாரங்கள் போலச் செய்து படம் பிடித்தார். நண்பர்களைக் கொண்டு புகழுரைகள் எழுதுவித்தார். சில மாதங்களில், ஒரு பிடி சோறேனும் அதுவரை பரிமாறாத அந்தக் கொட்டில் லண்டன் உணவகங்களின் வரிசையில் முதலாம் இடத்தைப் பிடித்தது. இடம் பதிவுசெய்யத் தொலைபேசி ஓயாது ஒலித்ததாம். சிரிப்புக்குரிய கதைதான். ஆனால், அந்த வரிசையை நம்பி உழைப்பையே முதலாகப் போட்டுக் கடை நடத்திய ஏனையோருக்கு இதிற் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

பொய்யர்களை ஒதுக்கிவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. நேர்மையாகச் சொல்பவரின் அபிப்பிராயமும் முற்றாக அவருடையதன்று. 2013இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியான பரிசோதனையொன்றில், செய்தித் தளமொன்றின் வாசகர் கருத்துக்கள் இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை எடுத்து, அவற்றுட் சிலவற்றுக்கு எவ்விதக் காரணமுமின்றி முதலில் ஓர் ஆதரவுப் புள்ளியை ஆய்வாளர் இட்டனர். அந்த ஒரு புள்ளியைக் கண்டவர்கள் தாமும் ஆதரித்தனர். முடிவில் அக்கருத்துக்கள் பெற்ற மதிப்பு, சராசரியாக நூற்றுக்கு 25 உயர்ந்திருந்தது. முன்னே போகும் ஆட்டைப் பின்னே வரும் ஆடுகள் தொடர்வது போல, முதல் அபிப்பிராயத்தைப் பின்வரும் அபிப்பிராயங்கள் தொடர்கின்றன. அவற்றின் கூட்டுத்தொகையைப் பார்த்து ‘ஊரே சொல்கிறது’ என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் ஊரின் பெயரிலே சிலர் சொல்லியிருக்கக்கூடும்.

இனி, நட்சத்திரம் எதை அளக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். கைத்தொலைபேசியை வாங்கிய மறுநாளே ஐந்து நட்சத்திரம் இடுபவர், அதன் மின்கலம் இரண்டாண்டு உழைக்குமா என்பதை எவ்வாறு அறிவார்? பொதி பிந்தி வந்ததற்காகப் புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம் இடுபவர், புத்தகத்தை மதிப்பிடுகிறாரா, தபாற்காரரை மதிப்பிடுகிறாரா? காரம் பிடிக்காதவர் யாழ்ப்பாணத்துக் கூழுக்கு இரண்டு நட்சத்திரம் இட்டால், குறை கூழிலே இருக்கிறதா? வெவ்வேறு கேள்விகளுக்கு வந்த விடைகளை ஒன்றாய்ப் போட்டுக் கூட்டிப் பிரித்தால் சராசரியொன்று கிடைக்கும். அது எந்தக் கேள்விக்கு விடையென்று யாராலும் சொல்லமுடியாது. காரணத்தை இழந்த அபிப்பிராயம் வெறும் எண்ணாகிவிடுகிறது. எண்ணோடு வாதாட முடியாது. அதைத் திருத்தவும் முடியாது.

இவ்விடத்தில் நமது இலக்கண ஆசிரியர்கள் வகுத்த மரபொன்றை நினைவுகூர்தல் பொருந்தும். நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர் யாவர் என்று பவணந்தி முனிவர் நன்னூலிலே வரையறுத்திருக்கிறார். நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் என்னும் நால்வரையே அவர் குறிப்பிடுகிறார். எத்தனை துறைகளில் வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்றும் சொல்லி, அவையிலே வாதிட்டு வெல்லவேண்டிய நேரம், எதிரி தன்னைப் பழித்த நேரம் முதலான சில சந்தர்ப்பங்களை மாத்திரம் விலக்காகக் காட்டுகிறார். ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையோடு நன்னூலைப் பாடங்கேட்ட தலைமுறைகள் நம் நாட்டில் உண்டு. அவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இந்த நால்வருள் மூவர் நூலாசிரியனுக்கு வேண்டியவர்களே. அவர்கள் புகழாமல் வேறென்ன செய்வார்கள் என்று கேட்கலாம். உண்மை. ஆனால், அவர்கள் வேண்டியவர்கள் என்பது மறைக்கப்படவில்லை. பாயிரம் செய்தான் பெயரையும் உறவையும் தெரிந்துகொண்டே வாசகன் பாயிரத்தைப் படித்தான். மாணாக்கனின் புகழ்ச்சிக்கு எவ்வளவு கழிவு போடவேண்டும் என்பதை அவன் அறிவான். மேலும், அந்நால்வரும் நூலை நன்கறிந்தவர்கள். சொல்பவர் யார், பொருளோடு அவருக்குள்ள பழக்கம் என்ன, பொருளுக்கு உடையவரோடு அவருக்குள்ள உறவு என்ன ஆகிய மூன்றும் வெளிப்படையாக இருக்கவேண்டும் என்பதே அம்மரபின் உட்கிடை என நாம் கொள்ளலாம்.

இன்றைய அரசாங்கங்கள் சட்டத்தின் மூலம் தேடிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய இதையே. 2022இல் இந்தியத் தர நிர்ணயப் பணியகம் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு நியமத்தை வெளியிட்டது. அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு ஆக்கிய விதி 2024 ஒக்டோபரில் அமலுக்கு வந்தது. பொய் மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும், நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அந்த உறவை மறைத்துத் தம் பொருளைத் தாமே புகழ்வதையும் அது தடைசெய்கிறது. பிரித்தானியாவிலும் 2025 ஏப்ரில் முதல் பொய் மதிப்புரைகள் சட்டவிரோதமாகும். உறவை வெளிப்படுத்திவிட்டுப் புகழ் என்று சொல்லும் இச்சட்டங்களுக்கும் நன்னூலின் பாயிர மரபுக்கும் நோக்கத்தில் அதிக தூரமில்லை.

எனினும், சட்டம் எட்டாத இடமொன்றுண்டு. கூலி வாங்காமலே, முழு மனத்தோடு, தாம் நம்பியதைச் சொல்லி ஊரைக் கொளுத்துபவர்களின் இடம் அது. அதைப் பற்றி நம் நாட்டுக்கு அனுபவபூர்வமாகத் தெரியும்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையிலே உண்ண வந்தவர், கறியிற் கிடந்த கட்டியொன்றைக் கண்டு, அது மலட்டுத் தன்மையை உண்டாக்கும் மருந்து என்று குற்றஞ்சாட்டினார். கடையிலே எடுக்கப்பட்ட காணொளி முகநூல் வழியாகப் பரவியது. அன்றிரவே அக்கடையும், வேறு கடைகளும், பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் பரிசோதித்தபோது, அதில் மருந்து எதுவுமில்லை, வெறும் மாக்கட்டியே என்பது தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. சில நாட்களின் பின் வேறொரு சம்பவத்தையடுத்துக் கண்டி மாவட்டத்தில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்செயல் மூண்டபோது, இதே வதந்தியும் நெருப்புக்கு நெய்யாயிற்று. மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது; மறுநாள் முதல் முகநூல் முதலிய தளங்கள் சில நாட்களுக்கு முடக்கப்பட்டன. அவ்வன்செயலில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

இந்தச் சம்பவத்தின் தொடக்கம் என்னவென்று நிதானமாகப் பார்ப்போம். வாடிக்கையாளர் ஒருவர் ஒரு தட்டு உணவைப் பற்றிக் கொண்ட அபிப்பிராயமே அது. ‘கறியிலே ஏதோ கட்டியிருக்கிறது’ என்பது அவர் கண்ட அனுபவம். அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமையுண்டு. ‘இது மலடாக்கும் மருந்து’ என்பது அனுபவமன்று. அயலவரைப் பற்றி முன்னரே மனத்திற் படிந்திருந்த நம்பிக்கை, கட்டியொன்றைக் கண்டதும் அனுபவத்தின் வேடம் பூண்டு வெளியே வந்தது. பரிசோதனை இறுதியாகவே வந்தது. அனுபவம், நம்பிக்கை, பரிசோதனை ஆகிய மூன்றும் ஒரே குரலிற் பேசத் தொடங்கும்போது எது எதுவென்று பிரித்தறியும் பழக்கம் மக்களிடம் இல்லாவிட்டால், அதன் விலையைப் பள்ளிவாசலும் கடைவீதியும் கொடுக்கவேண்டியிருக்கிறது.

நம்பிக்கையின் பேரிற் பொருளை வாங்குவதோ மறுப்பதோ தவறு என்று நாம் சொல்லவில்லை. 1791இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் பிரேரணையைப் பிரித்தானியப் பாராளுமன்றம் நிராகரித்தபோது, அந்நாட்டுக் குடும்பங்கள் பெருந்தொகையாக, அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையைத் தம் வீடுகளில் விலக்கிவைத்தன. சர்க்கரையின் இனிப்பில் அவர்கள் குறை காணவில்லை. அது எவ்வாறு விளைகிறது என்பதையே மறுத்தனர். ஆனால், அந்த நம்பிக்கைக்குப் பின்னே கப்பல்களின் நிலையையும் தோட்டங்களின் கொடுமையையும் பற்றிப் பெருமுயற்சியோடு திரட்டிய சாட்சியங்கள் இருந்தன. நம்பிக்கை சாட்சியத்தைத் தேடிச் சென்றால் சமுதாயம் திருந்துகிறது. சாட்சியம் வரும்வரை பொறுக்கமாட்டேன் என்று புறப்பட்டால் நடப்பதை அம்பாறை காட்டிவிட்டது.

பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு குறையையும் சொல்லவேண்டுமா என்று கேட்கும் நியாயமும் உண்டு. எளியவர் வலியவரைக் குறித்து முறையிடும்போது பெயரை மறைப்பது சில வேளைகளில் அவசியமாகும். முதலாளியைப் பற்றித் தொழிலாளி பேசும்போது முகமூடி அவருக்கு ஒரு கவசம். ஆனால், வலியவரின் இடத்தில் இருந்துகொண்டு எளியவரை எறிவதற்கு அதே முகமூடியை அணிவதை எப்படி நியாயப்படுத்துவது? மழையில் நனைந்து உணவுப் பொதி கொண்டுவரும் இளைஞரின் பிழைப்பு, நாம் வீட்டு விறாந்தையிலிருந்து விரலால் இடும் நட்சத்திரத்திலே தங்கியிருக்கிறது. சராசரி குறைந்தால் அவருக்குத் தொழிலே இல்லாமற் போகலாம். சோறு ஆறியிருந்தது கடைக்காரரின் தாமதத்தால் இருக்கலாம், தெருவெள்ளத்தால் இருக்கலாம். காரணத்தை விசாரியாது இடும் ஒற்றை நட்சத்திரம், விளக்கம் கேளாமல் வழங்கப்படும் தண்டனை.

இலக்கிய உலகத்தில் இருக்கும் நாமும் இவ்விஷயத்தைத் தூரத்து வியாபாரிகளின் விவகாரமென்று தள்ளிவிட முடியாது. வெளியீட்டு விழா மேடைகளில் நூலைப் புரட்டியும் பாராதவர் அதனைக் காவியமென்று போற்றுவதும், அணிந்துரைகள் எல்லாம் பெயரை மாற்றினால் எந்த நூலுக்கும் பொருந்துவனவாக இருப்பதும் நாமறியாதவையல்ல. அவையும் ஐந்து நட்சத்திரங்களே. காரணங்காட்டிக் குறை சொன்ன விமர்சகரைப் பகைவரென்று எண்ணும் மனப்பான்மை நம்மிடையே இருக்கும்வரை, கடைகளைப் பற்றிய பொய்ப் புகழைக் கண்டிக்க நமக்கு வாயில்லை.

ஆகவே, திருத்தம் பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்கவேண்டும். மாணவர் கட்டுரை எழுதுங்காலத்தில் ‘பசு’, ‘நிலாக்காலம்’ என்பவற்றோடு, தம் வீட்டிலே தினமும் பாவிக்கும் ஒரு பொருளைப் பற்றியும் எழுதட்டும். அதை எத்தனை காலம் பாவித்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள், குறை பொருளிலா அல்லது தம் தேவையோடு அது பொருந்தாமையிலா, தாம் நேரே கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, நம்பியது எது என்று பிரித்து எழுதப் பழகட்டும். அக்கட்டுரையைச் சக மாணவர் கேள்விகேட்கவும், எழுதியவர் விடை சொல்லவும் ஆசிரியர் இடமளிக்கவேண்டும். ஒரு சவர்க்காரக் கட்டியைப் பற்றி இவ்வாறு எழுதப் பழகிய மாணவர், நாளை ஒரு நாவலைப் பற்றியும், ஓர் அரசியற் கொள்கையைப் பற்றியும், அயல் வீட்டாரைப் பற்றிப் பரவும் ஒரு வதந்தியைப் பற்றியும் அதே நிதானத்தோடு பேசுவார்.

வளர்ந்தவர்களுக்கும் ஒரு வழியுண்டு. பொருளாலோ சேவையாலோ உண்மையில் ஏமாற்றப்பட்டவர், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்யலாம். அதற்கு நாளும், பொருளும், நடந்தது இன்னதென்பதும் வேண்டும். பொருளும் நடந்தது இன்னதென்பதும் ஏயா நாசிருக்கு நன்னி எழுதிய களிமண் பலகையிலும் இருந்தன. முகநூலிற் கொட்டும் நூறு வசைகளிலும், இப்படி நிதானமாக எழுதிய ஒரு கடிதம் நாலு பேருக்குப் பயன்படும். நட்சத்திரம் இட விரல் நீளும்போது, நமது பெயரைக் கீழே எழுதி இதையே ஊர்ச் சந்தியிலும் சொல்வோமா என்று வாசகர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. சொல்வோம் என்று மனம் துணிந்தால், இரண்டு வரியிற் காரணத்தையும் சேர்த்து எழுதுக.